பிள்ளைகள் நம் தட்டைப் பார்த்தே உண்ணக் கற்கிறார்கள்: குமரி மாவட்டப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மதியம் முருங்கைக்கீரைத் துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்) வைத்திருந்தேன். அப்போது நான்கு வயதாகியிருந்த மகள், தட்டில் வைத்த கீரையை ஒரு விரலால் மெல்லத் தள்ளி, இடது ஓரத்தில் சிறு குவியலாகச் சேர்த்துவிட்டு, சோற்றை மட்டும் மீன்கறியில் பிசைந்து உண்டாள். "கீரை தின்னு மக்களே" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எதிரில் உட்கார்ந்திருந்த என் கணவரின் தட்டு கண்ணில் பட்டது. அதிலும் அதே இடது ஓரத்தில் கீரை குவியலாக ஒதுங்கிக் கிடந்தது. அவர் பேசிக்கொண்டே உண்டுகொண்டிருந்தார். தாம் கீரையை ஒதுக்குகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. மகள் நான்கு ஆண்டுகளாக அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் அப்படியே செய்திருந்தாள்.

அதுவரை நான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிறகு பெரியவர்களாகிய நாங்கள் எப்படி உண்கிறோம் என்று பார்க்கத் தொடங்கினேன். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வருந்தும் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பிள்ளையை மாற்றும் முயற்சியைச் சில வாரம் நிறுத்திவைத்துவிட்டு, வீட்டின் சமையலையும் நேரத்தையும் பெரியவர்களின் தட்டையும் மாற்றுங்கள். அதை எப்படிச் செய்வது என்பதை எங்கள் வீட்டு அனுபவத்தோடும், இத்துறையில் ஆராய்ந்தவர்கள் கண்டறிந்தவற்றோடும் சேர்த்துக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் வாரம்: எழுதிப் பாருங்கள், எதையும் மாற்ற வேண்டாம்

பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து அடுக்களையில் தொங்கவிடுங்கள். ஏழு நாளும், பிள்ளை உண்டதை எழுதாமல், பிள்ளையின் கண்முன் பெரியவர்கள் உண்டதை எழுதுங்கள். காலைக் காப்பிக்கு யார் என்ன சாப்பிட்டார், யார் வெறும் சாயாவோடு கிளம்பினார், எந்தக் கறியை யார் தொடவில்லை, மாலையில் கடையிலிருந்து என்ன வந்தது, அதை யார் வாங்கி வந்தார், சாப்பிடும்போது தொலைக்காட்சி ஓடியதா, யாருடைய கையில் கைபேசி இருந்தது என்பவற்றை ஓரிரு சொற்களில் குறித்தால் போதும்.

எங்கள் வீட்டு முதல் வாரக் குறிப்பைப் படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஏழு நாளில் ஐந்து நாள் நான் காலையில் எதுவும் உண்ணாமல் நின்றுகொண்டே சாயா குடித்திருக்கிறேன். நான்கு நாள் மாலையில் பேக்கரிப் பொட்டலம் வீட்டுக்கு வந்திருக்கிறது. பழம் என்பது பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுக்கும் பொருளாக மட்டுமே இருந்தது. பெரியவர் ஒருவர் மட்டிப்பழம் ஒன்றை உரித்துத் தின்றதாக அந்த வாரம் முழுவதும் ஒரு வரிகூட இல்லை. வாழைக்குப் பேர்போன மாவட்டத்தில், கொல்லையில் குலை தள்ளிய வாழை நிற்கும் வீட்டில் இருந்துகொண்டு, பழம் என்பது குழந்தைகள் தின்னும் மருந்து என்று நாங்களே கற்பித்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் குறிப்பை வைத்து யாரையும் குறை சொல்லாதீர்கள். கணவரிடமோ மாமியாரிடமோ "உங்களைப் பார்த்துத்தான் பிள்ளை கெடுகிறது" என்று சொன்னால் அன்றோடு காரியம் கெட்டுப்போகும். நான் நோட்டை என் கணவரிடம் கொடுத்து, படித்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பார்த்துக் கற்பது என்றால் என்ன

குழந்தை சுவையை அறியத் தொடங்குவது நாம் நினைப்பதைவிட மிக முன்னதாக. தாய் உண்ணும் உணவின் மணம் கருப்பையில் குழந்தையைச் சூழ்ந்துள்ள பனிக்குட நீருக்கும், பிறகு தாய்ப்பாலுக்கும் போய்ச் சேர்கிறது. அமெரிக்காவில் ஜூலி மென்னெல்லா என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அல்லது பாலூட்டும் முதல் மாதங்களில் கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பின்னர் கேரட் கலந்த கூழை முதன்முறை உண்டபோது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தன. மசக்கை தீர்ந்த பிறகு கர்ப்பிணிக்குக் கீரையும் மீனும் காயும் பலவகையாகக் கொடுப்பது அவளுடைய உடம்புக்காக மட்டுமன்று, பிறக்கப்போகும் பிள்ளையின் நாக்குக்காகவும்தான். பிள்ளை பெற்றவளுக்கு அது ஆகாது, இது ஆகாது என்று தட்டில் பூண்டும் மிளகும் மட்டும் மிஞ்சும்படிப் பத்தியம் வைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் உண்டு. அதைத் தளர்த்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது.

பிறகு கண் வேலை செய்யத் தொடங்குகிறது. ஒன்றரை வயது, மூன்றரை வயதுக் குழந்தைகளிடம் செய்து 1975-இல் வெளியான ஓர் ஆய்வு, பழக்கமில்லாத உணவைப் பெரியவர் வெறுமனே நீட்டும்போது வாயில் வைத்த குழந்தைகளைவிட, பெரியவரும் அதையே உண்ணும்போது வாயில் வைத்த குழந்தைகள் அதிகம் என்று காட்டியது. உண்பவர் தாயாக இருந்தால் பலன் இன்னும் கூடியது. நம் பாட்டிமார் பிள்ளையை மடியில் வைத்துத் தம் கிண்ணத்திலிருந்தே உருட்டி ஊட்டியதில் இந்த உண்மை தானாகவே அமைந்திருந்தது. இன்று பலரும் பிள்ளைக்கு முதலில் ஊட்டி முடித்துவிட்டு, அது தூங்கிய பிறகோ பள்ளிக்குப் போன பிறகோ தாம் உண்கிறோம். பிள்ளை பார்த்துக் கற்க அங்கே ஒருவருமே இல்லை.

எனவே, ஒரு நாளில் ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். இதைச் சொல்வது எளிது, நம் மாவட்டத்தில் நடத்துவது எளிதன்று என்று எனக்குத் தெரியும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர் விடியுமுன் கிளம்பிவிடுகிறார். கடலுக்குப் போகிறவருக்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. பல வீடுகளில் தகப்பன் வளைகுடா நாட்டில் இருக்கிறார். எல்லோரும் என்றால் வீட்டில் அப்போது இருக்கிறவர்கள் என்று பொருள் கொள்ளுங்கள். தாயும் பிள்ளையும் மட்டும் என்றாலும், அடுப்படியில் பலகை போட்டு இருவரும் ஒரே கறியை உண்டால் அது போதும். இரவு உணவு முடியாதென்றால் காலைக் காப்பி, அதுவும் முடியாதென்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளிநாட்டில் இருக்கும் தகப்பனின் வீடியோ அழைப்பைச் சாப்பாட்டு நேரத்தில் வைக்காமல் மாலைக் காப்பி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்கும் பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரிவதில்லை.

ஒரே பானை

பிள்ளைக்குத் தனிச் சமையல் வேண்டாம். நான் மிகவும் அழுத்திச் சொல்வது இதைத்தான், ஏனென்றால் நான் இதில்தான் நெடுநாள் தவறினேன். மகன் குழம்பைத் தொட மாட்டான் என்று அவனுக்கு மட்டும் தோசை வார்த்தேன். மகள் தோசையை ஒதுக்கத் தொடங்கியதும் அவளுக்கு நூடுல்ஸ். ஒரு கட்டத்தில் மூன்று வேளையும் மூன்று விதச் சமையல் நடந்தது. வேண்டாம் என்று சொன்னால் வேறொன்று வரும் என்று பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

ஒரே சமையல் என்பதற்குப் பெரியவர்களின் காரத்தைப் பிள்ளையின் வாயில் வைப்பது என்று பொருளில்லை. துவரனுக்குத் தேங்காயும் சீரகமும் பூண்டும் மஞ்சளும் கொரகொரப்பாக அரைக்கும்போது மிளகாய் சேர்க்குமுன் ஒரு பிடி அரைப்பைத் தனியே எடுத்து, வெந்த காயில் ஒரு பங்கை அதில் புரட்டிவிடலாம். மீனில் இரண்டு துண்டை மஞ்சளும் உப்பும் சிறிது மிளகும் தடவி எடுத்துவைத்து, மற்றதைப் புளிமுளம் (புளி சேர்த்த காரமான மீன்கறி) வைக்கலாம். அவியலும் ஓலனும் எரிசேரியும் இயல்பிலேயே காரம் குறைந்தவை. பிள்ளை இருக்கும் வீட்டில் அவற்றை ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் என்று விட்டுவைக்காமல் வாரத்தில் ஒருமுறையாவது வைக்கலாம். ஒரு வயதுக்கு மேல் காரத்தை மாதந்தோறும் துளித்துளியாகக் கூட்டிவந்தால், நான்கு ஐந்து வயதில் பிள்ளை வீட்டுக் குழம்பையே உண்ணத் தொடங்கிவிடும்.

பரிமாறும்போது, அந்த வேளையில் பிள்ளை நிச்சயமாக உண்ணும் பொருள் ஒன்றாவது இருக்கும்படிப் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் சம்பா அரிசிச் சோறாக இருக்கலாம், தயிராக இருக்கலாம், ஒரு பப்படமாக இருக்கலாம். அது இருந்தால் பிள்ளை பட்டினி கிடக்காது, நமக்கும் மனம் பதறாது, வேறு சமைக்கவும் தோன்றாது.

நம் மாவட்டத்துப் பழைய சேர்க்கைகளில் நிறையச் சரியானவை இருக்கின்றன. மரச்சீனிக் கிழங்கில் (மரவள்ளி) பெரும்பகுதி மாவுச்சத்துதான், புரதம் மிகக் குறைவு. அதோடு சாளை (மத்தி) மீன்கறியைச் சேர்த்தவர்கள் அந்தக் குறையை நிரப்பிவிட்டார்கள். கிழங்கைத் திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவதும் வெறும் பழக்கமன்று. கிழங்கில் இயற்கையாக உள்ள நச்சுப்பொருள் அதனால்தான் குறைகிறது. கஞ்சியோடு சிறுபயறு, புட்டோடு கடலைக்கறி அல்லது பயறு என்பவையும் அரிசியில் குறைவான புரதத்தைப் பருப்பால் ஈடுகட்டுகிறவை. வெளியூரிலிருந்து வரும் டப்பா மாவைத் தேடுமுன் இந்தச் சேர்க்கைகளைப் பிள்ளை வாரத்தில் எத்தனை முறை பார்க்கிறது என்று நோட்டில் பாருங்கள். கஞ்சியும் பயறும் காய்ச்சல்காரருக்கு என்று ஆகிவிட்ட வீட்டில், பிள்ளை அதை மருந்தாகத்தான் நினைக்கும்.

முள்ளுள்ள மீனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சாளை விலை மலிவு. நல்ல கொழுப்பும் புரதமும் அதில் உண்டு. ஆனால் முள்ளுக்குப் பயந்து பல தாய்மார் பிள்ளைக்குச் சாளையைக் காட்டுவதே இல்லை. எங்கள் வீட்டில் இந்தப் பொறுப்பு என் கணவரின் அம்மாவாகிய மாமியுடையது. அவர் சாளையை வயிற்றுப் பக்கமாக இரண்டாகப் பிரித்து, நடுமுள்ளைத் தலையோடு ஒரே இழுப்பில் எடுத்து வைப்பார். பிறகு ஒவ்வொரு பாதியையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து நசுக்கித் தடவி, மயிர்போன்ற சிறுமுட்களை இலையின் ஓரத்தில் துடைப்பார். "கண்ணு காணாதத விரலு காணும் மக்களே" என்று சொல்லிக்கொண்டே செய்வார். மகள் முதலில் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் தானே ஒரு துண்டை நசுக்கி, கிடைத்த முள்ளைப் பாட்டியிடம் காட்டினாள். மீன் உண்ணும் ஆசை அவளுக்கு அந்த முள்ளெடுக்கும் வேலையிலிருந்துதான் வந்தது. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மட்டும் முள்ளைப் பெரியவரே முழுவதும் எடுத்து, இரண்டாம் முறை விரலால் தடவிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளதால், அந்த இரண்டு மாதமும் சந்தையில் மீன் வரத்துக் குறைந்து விலை ஏறும். அப்போது கருவாட்டை நாள்தோறும் வைத்தால் பிள்ளைக்கு உப்பு மிகுந்துவிடும். முட்டையும் பயறும் கடலையும் கொண்டு அந்த மாதங்களை ஓட்டுவதற்கு முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

வேண்டாம் என்று சொன்ன உணவை மீண்டும் வைப்பது எப்படி

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு இயல்பு. அதுவரை எல்லாம் உண்ட பிள்ளை திடீரென்று பச்சை நிறம் எதையும் தொடாமல் போகலாம். இதைப் பிடிவாதம் என்று எண்ணி அடிப்பவர்களும், பிடிக்கவில்லை என்று எண்ணி அந்த உணவையே நிறுத்திவிடுபவர்களும் தவறுகிறார்கள். ஒரு புதிய உணவைப் பிள்ளை ஏற்பதற்கு எட்டு முதல் பதினைந்து முறைவரை அது அதன் முன் வர வேண்டியிருக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம்மில் பெரும்பாலோர் மூன்றாம் முறையில் கைவிட்டுவிடுகிறோம்.

நான் கீரைக்குச் செய்ததை அப்படியே சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் கீரை. பிள்ளைகளின் தட்டில் ஒரு தேக்கரண்டி அளவு, அதற்கு மேல் இல்லை. கீரையைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. நல்லது என்றோ, கண்ணுக்கு வேண்டும் என்றோ, ஒரு வாய் மட்டும் என்றோ சொல்வதில்லை. பேச்சு பள்ளிக்கூடத்தைப் பற்றியோ பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைப் பற்றியோ இருக்கும். நானும் கணவரும் எங்கள் பங்கை உண்போம். உண்ணாமல் மிஞ்சினால் தட்டை எடுத்துக் கழுவிவிடுவோம், முகத்தில் எதுவும் காட்ட மாட்டோம். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. கொட்டுகிற சோற்றைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க நம்மை யாரும் வளர்க்கவில்லை. அதனால்தான் ஒரு தேக்கரண்டி என்று சொல்கிறேன், வீணாவதும் ஒரு தேக்கரண்டிதான்.

என் கணவருக்குக் கீரை உண்மையாகவே பிடிக்காது. அவரிடம் நான் கேட்டுக்கொண்டது, பிள்ளைகளின் முன் இரண்டு வாய் உண்ண வேண்டும், பிடிக்காததைச் சொல்லாமலும் ஒதுக்கி வைக்காமலும் இருக்க வேண்டும் என்பதுதான். அவர் தமக்குக் குறைவாகப் பரிமாறச் சொல்லிவிட்டு, அதை முழுவதும் உண்டார். பெரியவர் ஒருவர் பிடிக்காத உணவைப் பிடித்ததுபோல் நடிக்கத் தேவையில்லை. முகம் சுளிக்காமல் உண்டால் போதும்.

வடிவத்தையும் மாற்றிப் பாருங்கள். துவரனில் ஒதுக்கிய முருங்கைக்கீரையை மகன் அடையில் உண்டான். பாகற்காயைத் தீயலாக (வறுத்தரைத்த தேங்காய்க் குழம்பாக) வைத்தால் தொடாத பிள்ளை, வட்டமாக அரிந்து வறுத்துக் கொடுத்தால் தொடக்கூடும். ஆனால் உணவை ஒளித்து வைத்து ஏமாற்றாதீர்கள். கீரையை அரைத்து மாவில் கலந்தால், இதில் கீரை இருக்கிறது என்று சொல்லிக் கலந்துவிடுங்கள். ஒருமுறை ஏமாந்த பிள்ளை பிறகு நல்ல தோசையையும் கிளறிப் பார்த்துத்தான் உண்ணும்.

சந்தைக்குப் பிள்ளையைக் கூட்டிச்செல்வதும் மிகவும் உதவும். வடசேரிக் கனகமூலம் சந்தையிலோ திங்கள்சந்தையிலோ கருங்கல்லிலோ, இந்த வாரம் எந்தக் காய் வாங்கலாம் என்று ஒன்றை மட்டும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தான் தேர்ந்து, தானே பையில் போட்டு, வீட்டில் தானே நார் உரித்த பயற்றங்காயை ஒதுக்கப் பிள்ளைக்கு மனம் வருவதில்லை.

வற்புறுத்தலும் இலஞ்சமும்

"இதைத் தின்னு முடிச்சா மிட்டாய்" என்று சொல்லாத வீடு இல்லை. இது வேலை செய்வதுபோல் தோன்றும், ஏனென்றால் அந்த ஒரு வேளை கீரை உள்ளே போய்விடும். ஆனால் பிள்ளை கணக்குப் போடுகிறது: இதை உண்பதற்குக் கூலி கொடுக்கிறார்கள் என்றால் இது கெட்டதாகத்தான் இருக்க வேண்டும், கூலியாக வருவது உயர்ந்ததாக இருக்க வேண்டும். லீஆன் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் செய்த சோதனைகளில், பரிசு பெறுவதற்காக உண்ணவைத்த உணவின்மேல் பிள்ளைகளுக்கு இருந்த விருப்பம் குறைந்துபோனதையும், பரிசாகக் கொடுத்த உணவின்மேல் விருப்பம் கூடியதையும் கண்டார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 2006-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சிறுபிள்ளைகளிடம் ஒருவகைச் சூப்பைக் கொடுத்து "குடித்து முடி" என்று சொல்லிவந்தார்கள். மற்றொரு வகையைக் கொடுத்து எதுவும் சொல்லவில்லை. சில வாரங்களில், சொல்லாமல் விட்ட சூப்பையே பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றித்தான் அதிகம் முறையிட்டார்கள்.

முற்றிலும் தடுப்பதும் இதே போன்றது. கண்ணாடிச் சாடியில் நேந்திரங்காய்ச் சிப்ஸைப் போட்டு, எட்டாத அலமாரியில் கண்ணுக்குத் தெரியும்படி வைத்து, தொடக்கூடாது என்று சொன்னால், பிள்ளையின் நினைவு முழுவதும் அந்தச் சாடியில்தான் இருக்கும். அதைவிட வீட்டில் குறைவாக வாங்குங்கள். வாங்கியதை ஒரு கிண்ணத்தில் போட்டு எல்லோரும் சேர்ந்து உண்டு முடியுங்கள். முறுக்கும் முந்திரிக்கொத்தும் விழா நாளில் தாராளமாகவே கொடுங்கள். பண்டத்தில் தீமை இல்லை. அது நாள்தோறும் மாலையில் பொட்டலமாக வந்து இரவுச் சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில்தான் தீமை இருக்கிறது.

இங்கே மிகப் பயனுள்ள ஒரு வரையறையை அமெரிக்க உணவியலாளர் எல்லின் சாட்டர் வகுத்தார். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பவற்றைத் தீர்மானிப்பது பெற்றோரின் பொறுப்பு. உண்பதா இல்லையா, எவ்வளவு உண்பது என்பவற்றைத் தீர்மானிப்பது பிள்ளையின் பொறுப்பு. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: என்ன வேண்டும் மக்களே என்று கேட்டு, அது சொன்னதைச் சமைத்துவிட்டு, பிறகு எவ்வளவு உண்ண வேண்டும் என்பதில் சண்டை போடுகிறோம். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தன் வயிற்றின் அளவு தெரியும். நாம் தட்டை நிறைத்து நிறைத்துப் பழக்கியபின், ஐந்து வயதில் வயிற்றைவிட்டுத் தட்டின் அளவைப் பார்த்து உண்ணத் தொடங்குகிறது. ஆகவே முதலில் குறைவாக வையுங்கள், கேட்டால் மீண்டும் வையுங்கள்.

நேரம்

சிறுபிள்ளைகளுக்கு மூன்று வேளை உணவும், இடையில் இரண்டு சிறு உணவும் போதும். இவற்றுக்கு நடுவே தண்ணீர் மட்டும். வேளைக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் போன பிள்ளைக்குப் பசி எடுக்காது. அதைத்தான் நாம் "எதுவும் சாப்பிடுவதில்லை" என்று சொல்கிறோம். ஒரு வயதுக்கு மேற்பட்ட சிறுபிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டியதில்லை. மிகுதியான பால் பசியையும் அடைக்கும், இரும்புச்சத்துக் குறைவுக்கும் வழிவகுக்கும்.

இரும்புச்சத்தை நான் இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. நம் பக்கத்தில் காலையிலும் மாலையிலும் பிள்ளைகளுக்குச் சாயா கொடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பெரியவர்கள் உணவோடு குடிப்பதைப் பார்த்து அவர்களும் கேட்கிறார்கள். உணவோடு சேரும் தேயிலை, கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ளவிடாது. சாயாவைப் பெரியவர்களும் உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்துப் பழகுங்கள், பிள்ளைக்கு அதைத் தொடங்கவே வேண்டாம். கீரையில் எலுமிச்சை பிழிவதும், உணவோடு நெல்லிக்காயோ கொய்யாவோ வைப்பதும் இரும்புச்சத்து சேர உதவும்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு உண்ணும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், அங்கே அன்று என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள். வீட்டில் காய்கறிச் சாம்பாரைத் தொடாத என் மகன் பள்ளியில் கிச்சடியோடு அதை உண்டான் என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வியப்பு, பிறகு புரிந்தது: அங்கே பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அதையே உண்டார்கள்.

பாட்டி, மாமா, விருந்தினர்

அன்பினால் வரும் பண்டத்தை மறுப்பது எளிதன்று. பாட்டி மடியில் முடிந்துவைத்து எடுத்துக்கொடுக்கும் மிட்டாயைப் பிடுங்கினால் புண்படுவது பிள்ளை மட்டுமன்று. நான் மாமியிடம் மிட்டாயைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கூவரகு (கேழ்வரகு) அடையையும் இலைக் கொழுக்கட்டையையும் பிள்ளைகளுக்கு மாமிதான் செய்து தர வேண்டும் என்று கேட்டேன். அவருக்கு அது பெருமையாக இருந்தது, மிட்டாய் தானாகக் குறைந்தது. வளைகுடாவிலிருந்து வரும் உறவினரின் சாக்லேட் பெட்டியைப் பிள்ளைகளின் கண்முன்னே திறந்து, அன்றைக்கு ஒன்று கொடுத்து, மிச்சத்தை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பங்கிடச் செய்யுங்கள்.

தேனைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மார்த்தாண்டம் தேன் நமக்குப் பெருமைதான்; பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுவைக்கும் வழக்கமும் பழமையானதுதான். ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள், ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளை முடக்கும் கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடும். எவ்வளவு தூய்மையான தேனாக இருந்தாலும், ஒரு வயது முடியும் வரை ஒரு துளியும் கொடுக்கக் கூடாது என்பதை மூத்தவர்களிடம் பிரசவத்துக்கு முன்பே பக்குவமாகச் சொல்லிவையுங்கள். முந்திரிப்பருப்பையும் நிலக்கடலையையும் முழுதாகக் கொடுப்பது ஐந்து வயது வரை வேண்டாம், பொடித்துக் கொடுக்கலாம்.

கைக்குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதற்குமேல் ஏத்தங்காய் (நேந்திரங்காய்)ப் பொடியோ கூவரகோ காய்ச்சிக் கொடுக்கும் நம் வழக்கம் நல்ல தொடக்கம். ஆனால் அதில் சர்க்கரையோ கருப்பட்டியோ சேர்க்காதீர்கள், இரண்டு வயது வரை இனிப்பு தேவையில்லை. கூழோடு நின்றுவிடாமல் மசித்த பருப்பு, மீன், முட்டை, கீரை என்று விரைவில் வீட்டு உணவுக்கு வந்துவிடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

எடை ஏறாமல் நிற்பது அல்லது குறைவது, உணவை விழுங்கும்போது தொடர்ந்து புரையேறுவது அல்லது வாந்தி வருவது, மண்ணும் சாம்பலும் தின்பது, வெளிறிய முகமும் சோர்வும், உண்ணும் உணவுவகைகள் நாளுக்கு நாள் சுருங்கி நான்கைந்தாகிவிடுவது ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் வீட்டு முறைகளோடு காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடியில் எடை பார்த்த அட்டையையும், முதல் வாரத்தில் எழுதிய நோட்டையும் குழந்தை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

மற்றவர்கள் மூன்று மாதம் கழித்து அதே நோட்டில் மீண்டும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். இம்முறை பிள்ளைகள் உண்டதையும் சேர்த்துக் குறியுங்கள். எங்கள் நோட்டில் அந்த வாரத்துப் புதன்கிழமைக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறது: "முருங்கைக்கீரைத் துவரன். அவர் முழுவதும் உண்டார். மகள் இரண்டு தேக்கரண்டி, கேட்டு வாங்கி. மகன் தொடவில்லை. சனிக்கிழமை அடை."